சூடேறினால் மட்டும் கெடும் படம்: பழுது எங்கே என்று பிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: எல்.இ.டி. டிவியைப் போட்டவுடன் படம் பளிச்சென்று வருகிறது. கால் மணி, அரை மணி கழிந்ததும் திரையின் ஒரு பக்கத்தில் கோடுகள் விழத் தொடங்குகின்றன. இன்னும் கொஞ்ச நேரத்தில் நிறங்கள் மாறிப் படமே கலங்கிவிடுகிறது. அணைத்து, நன்றாக ஆறவிட்டுப் போட்டால் எதுவும் நடக்காததுபோல் ஓடுகிறது. பழுது பார்க்க வந்தவர் மெயின் போர்டை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார். அதற்கு முன், எந்தப் பகுதி கெட்டிருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. வந்து வந்து போகும் பழுது என்றாலே பலருக்கும் அலுப்பு. ஆனால் வெப்பத்தோடு வந்து குளிர்ச்சியோடு போகும் பழுது அடியோடு செத்துப்போன போர்டைவிட நல்ல சாட்சி சொல்லும். அதை நாமே வரவழைக்கலாம், நாமே போகவும் வைக்கலாம். ஒரே ஓர் உறுப்பைச் சூடாக்கினால் பழுது வருகிறது, அதே உறுப்பைக் குளிர்வித்தால் போகிறது என்று கண்ணெதிரே காட்ட முடிகிற வரை எந்தப் போர்டையும் மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. “மாற்றிப் பார்க்கலாம்” என்பது பழுது கண்டறிதல் ஆகாது. உங்கள் பணத்தை வைத்து ஊகம் செய்வதுதான்.

வெப்பம் ஏன் படத்தைக் கெடுக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோதனையில் காண்பதற்கு அப்போதுதான் பொருள் விளங்கும். முதலாவது, பொருள்கள் சூட்டில் விரிகின்றன. ஆனால் எல்லாம் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரு டிகிரிக்குத் தாமிரம் பத்து லட்சத்தில் சுமார் 17 பங்கு நீள்கிறது. சிலிக்கான் 3 பங்குகூட நீள்வதில்லை. இவை இரண்டையும் பிடித்து வைத்திருப்பது ஒரு சொட்டு சால்டர், அதாவது உருக்கி ஒட்டிய உலோகப் பற்று. ஆயிரக்கணக்கான முறை சூடேறி ஆறும்போது அந்தச் சொட்டில் மயிரிழை விரிசல் விழுகிறது. குளிர்ந்திருக்கும்போது விரிசலின் இரு கரைகளும் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகும். சில இடங்களில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். இரண்டாவது, ஐ.சி. எனப்படும் சிப்புகளுக்குள் இருக்கும் குறைகடத்திகளில் கசிவு மின்னோட்டம் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிப்பாகிறது. நல்ல ஐ.சி.யில் இது பொருட்டே இல்லை. உள்ளே ஏற்கெனவே சேதமடைந்த ஐ.சி.யிலோ, இந்தக் கசிவே அதை மேலும் சூடாக்கி, அந்தச் சூடு கசிவை மேலும் கூட்டி, கடைசியில் வோல்ட்டேஜை இழுத்துக் கீழே போட்டுவிடும். மூன்றாவது, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். இது மற்றவற்றுக்கு எதிர்த் திசையில் போகிறது. உள்ளிருக்கும் திரவம் வற்றிய கெபாசிட்டர் குளிரில்தான் மோசமாக நடந்துகொள்ளும், சூடேறினால் சற்றே தேறிவிடும்.

ஆகவே முதல் கேள்வி, சூடேறினால் பழுது வருகிறதா, அல்லது சூடேறினால் பழுது போகிறதா என்பதே. போட்டவுடன் படம் வராமல், சிமிட்டிச் சிமிட்டி, பத்து நிமிடம் கழித்துத் தானே சரியாகும் டிவி என்றால் பவர் சப்ளையின் கெபாசிட்டர்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் சொல்வது அதற்கு நேர் எதிரான வகை. அதனால் உங்கள் டிவியில் கெபாசிட்டரைப் பட்டியலின் அடியில் வைக்கலாம். பட்டியலிலிருந்தே நீக்க வேண்டாம். வோல்ட்டேஜ் அளக்கும்போது அதற்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்போம்.

கருவி எதுவும் எடுக்கும் முன் ஒரு தாளும் கடிகாரமும் எடுங்கள். டிவியைக் குறைந்தது இரண்டு மணி நேரம் அணைத்து வைத்து, முழுக்க ஆறிய நிலையிலிருந்து தொடங்கி, பழுதின் முதல் அறிகுறி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறியுங்கள். அடுத்த நாள் இன்னொரு முறை இதையே செய்யுங்கள். நிமிடக் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் வெப்பத்தின் மீது சந்தேகம் வலுக்கிறது. ஒரு நாள் ஐந்து நிமிடம், மறுநாள் மூன்று மணி நேரம் என்று தாறுமாறாக இருந்தால் தளர்ந்த இணைப்பையோ வெளியிலிருந்து வரும் சிக்னலையோ நினைக்க வேண்டும். நிமிடக் கணக்கே இடத்தையும் ஓரளவு சொல்லிவிடும். ஓரிரு நிமிடத்தில் வந்தால், தன் சூட்டில் தானே வேகமாகக் காயும் சிறிய உறுப்பு: திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட்டின் எல்.இ.டி., மின்சாரத்தை முறைப்படுத்தும் சிறு ஐ.சி. போன்றவை. கால் மணியிலிருந்து அரை மணி வரை என்றால் ஒரு போர்டு முழுதும் சூடாக எடுக்கும் நேரம் அது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் என்றால் பெட்டிக்குள் இருக்கும் காற்றே சூடாகிவிட்டது என்று பொருள். காற்றோட்டத்தையும் தூசியையும் அப்போது பார்க்க வேண்டும்.

பழுது வந்த பிறகு அது போவதற்கு எடுக்கும் நேரத்தையும் குறியுங்கள். பலர் கவனிக்காமல் விடும் தடயம் இது. அணைத்துப் பத்து விநாடியில் மறுபடி போட்டால் சரியாகிவிடுகிறது என்றால் அது வெப்பப் பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. பத்து விநாடியில் எந்தப் போர்டும் ஆறிவிடுவதில்லை. மென்பொருள் தொங்கியிருக்கலாம், அல்லது ஏதோ ஒரு பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டு, மின்சாரம் போனதும் விடுபட்டிருக்கலாம். உண்மையான வெப்பப் பழுது, உடனே போட்டால் உடனே திரும்பி வரும். பாதி ஆறிய பிறகு போட்டால் பாதி நேரத்தில் வரும். இந்தப் பாதிக்குப் பாதி நடத்தை தெரிந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

இன்னும் மூடியைத் திறக்க வேண்டாம். பழுது தெரிந்துகொண்டிருக்கும்போதே ரிமோட்டில் மெனுவை வரவழையுங்கள். மெனு என்பது டிவி தனக்குள்ளேயே வரையும் படம். அது செட்டாப் பாக்ஸிலிருந்தோ கேபிளிலிருந்தோ வருவதில்லை. பின்னால் படம் கலங்கியிருக்க, மெனுவின் எழுத்துகள் மட்டும் சுத்தமாக நின்றால் கோளாறு வெளியிலோ மெயின் போர்டின் உள்வாங்கும் பகுதியிலோ இருக்கிறது. செட்டாப் பாக்ஸும் சூடேறும் பொருள்தான். அதை மாற்றி, கேபிளை மாற்றி, வேறு உள்ளீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மெனுவையும் அதே கோடுகள் குறுக்கே வெட்டினால், வெளிக்கருவிகளை மறந்துவிடலாம். பழுது படம் உருவான இடத்துக்குப் பின்னால், அதாவது மெயின் போர்டின் நினைவகம் தொடங்கித் திரைக் கண்ணாடி வரையுள்ள வழியில் எங்கோ இருக்கிறது.

பழுதின் வடிவத்தையும் உற்றுப் பாருங்கள். டிஜிட்டல் சிக்னல் கெட்டால் படம் சதுரம் சதுரமாக உடையும், உறையும். மேலிருந்து கீழ்வரை ஒரே இடத்தில் நிற்கும் நேர்க்கோட்டை எந்த சிக்னல் கோளாறும் போட முடியாது. அது திரையை இயக்கும் பகுதியின் கைவேலை. மயிரிழை போன்ற ஒற்றைச் செங்குத்துக் கோடு என்றால் கண்ணாடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிலிம் இணைப்பை நினைக்க வேண்டும். நான்கு விரல் அகலத்தில் நேர் எல்லைகளோடு ஒரு பட்டை முழுதும் கெட்டிருந்தால், அந்தப் பட்டையை இயக்கும் பிலிமின் மேலுள்ள சிப்பு. திரையில் சரிபாதி கெட்டு மறுபாதி நன்றாக இருந்தால், திரையை இயக்கும் சிக்னல்களைப் பிரித்தனுப்பும் டி-கான் போர்டிலிருந்து அந்தப் பாதிக்குப் போகும் ரிப்பன் கேபிளும் அதன் சாக்கெட்டும். முழுத் திரையும் வெளிறி, அல்லது நெகட்டிவ் படம்போல் வெளிச்சமும் இருட்டும் இடம் மாறி, முகங்களில் நிறம் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் டி-கான் போர்டில் வெளிச்சத்தின் படிநிலைகளைத் தீர்மானிக்கும் காமா வோல்ட்டேஜ் பகுதி. கிடைக்கோடுகள் படபடத்தால், அல்லது படம் மேலும் கீழுமாக இரட்டித்தால் கேட் எனப்படும் வரிசை இயக்கிகள். மெனு உட்பட திரை முழுதும் வண்ணப் பொறிகள் தூவினாற்போல் இருந்தால் மெயின் போர்டின் நினைவகச் சிப்பும், மெயின் போர்டிலிருந்து டி-கானுக்குப் போகும் கேபிளும். பழுது வரும்போது கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். முதல் நிமிடத்தில் வரும் வடிவம்தான் முக்கியம். முற்றிய பிறகு எல்லாப் பழுதும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நீங்கள் சொல்வதில் ஒரு பக்கம் முதலில் கோடு, பிறகு நிறம் மாறுவது என்ற வரிசை இருக்கிறது. அந்த வரிசையை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் டி-கான் பக்கமே சாய்கிறது, மெயின் போர்டின் பக்கம் அல்ல. ஆனாலும் இது சந்தேகம்தான், நிரூபணம் இனிமேல்தான்.

திறக்காமலே செய்யக்கூடிய கடைசிச் சோதனை மின்விசிறி. ஒரு மேசை விசிறியை டிவியின் பின்புறத் துளைகளைப் பார்த்து வைத்துவிட்டு, ஆறிய நிலையிலிருந்து மறுபடி ஓடவிடுங்கள். இருபது நிமிடத்தில் வந்த பழுது ஐம்பது நிமிடத்துக்குத் தள்ளிப்போனால், அல்லது வரவே இல்லை என்றால், காரணம் வெப்பம் என்பது முடிந்துபோன விஷயம். மெனுவில் பேக்லைட் அளவைப் பாதியாகக் குறைத்தும் இதேபோல் பார்க்கலாம். எல்.இ.டி. திரையில் பெரும்பகுதிச் சூட்டுக்கு பேக்லைட்டே காரணம். அதைக் குறைத்ததும் பழுது தள்ளிப்போனால் கண்ணாடியின் விளிம்புப் பகுதியோ பேக்லைட்டோ சம்பந்தப்பட்டிருக்கிறது. சுவரோடு ஒட்டியும் மாடத்துக்குள் செருகியும் வைத்த டிவியில் சில சமயம் இந்தச் சோதனையே சிகிச்சையாகவும் முடிந்துவிடும். பொதுவாகக் கையேடுகள் 0 முதல் 40 டிகிரி வரையிலான சூழலையும், சுற்றிலும் சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளியையும் கேட்கின்றன. நேர் வெயில் படும் திரையில் கருந்திட்டுகள் தோன்றி, நிழல் வந்ததும் மறைந்தால் அது போர்டுப் பழுதே இல்லை. திரவப்படிகம் தன் எல்லையைத் தாண்டிச் சூடாகி வெறும் திரவமாகிவிட்டது. திரையை இடம் மாற்றினால் போதும்.

இனி மூடியைத் திறப்பது. இங்கே நான் கண்டிப்பாக இருப்பேன். மின்சாரத்தில் கைப்பழக்கம் இல்லாதவர் இதுவரை சொன்னதைச் செய்து, குறித்த தாளோடு பழுது பார்ப்பவரிடம் போனாலே பாதி வேலை முடிந்தது. அதற்கு மேல் அவரிடமே விட்டுவிடுங்கள். பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் 230 வோல்ட் மின்சாரம் நேராக்கப்பட்டு 325 வோல்ட் நிற்கிறது. பல டிவிகளில் 390 வோல்ட்டுக்கு அருகில்கூட இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். பிடுங்கி, சில நிமிடம் காத்திருந்து, மல்டிமீட்டரால் அளந்து, பூஜ்யத்துக்கு அருகில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். ஓடும் டிவியில் சோதனை செய்யும்போது பவர் சப்ளையின் உள்ளீட்டுப் பகுதிக்கு மேல் ஒரு காய்ந்த தடித்த அட்டையை நிறுத்திவிடுங்கள். ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு மறு கையால் மட்டும் வேலை செய்யும் பழைய பழக்கம் உயிரைக் காக்கும் பழக்கம். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள்.

திறந்ததும் ஒரு விஷயம் உங்களைக் குழப்பலாம்: பழுது வராமலே போய்விடும். மூடி இல்லாததால் சூடு தேங்குவதில்லை. இதை ஏமாற்றமாக எடுக்க வேண்டாம், இதுவும் ஒரு சாட்சியம்தான். இப்போது சூட்டை நாம் வேண்டிய இடத்தில் மட்டும் கொடுக்கப் போகிறோம்.

ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஓர் அடி தள்ளிப் பிடித்து, முதலில் ஒரு போர்டை மட்டும் சூடாக்குங்கள். மற்றவற்றை அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள். கை தாங்கும் சூடு போதும். 60, 65 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் நல்ல உறுப்பையும் குற்றவாளியாக்கிவிடுவீர்கள். மெயின் போர்டுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தும் படம் அசையவில்லை, டி-கான் போர்டுக்கு அரை நிமிடம் கொடுத்ததும் கோடுகள் வந்துவிட்டன என்றால், மெயின் போர்டுக்கான செலவு அந்த நொடியே மிச்சம். பிறகு டிரையரின் வாயில் காகிதக் குழல் ஒன்றைப் பொருத்தி, பாதிப் போர்டு, கால் போர்டு என்று சுருக்கிக்கொண்டே போகலாம்.

சூடு எப்போதும் பரவும். அதனால் சூட்டை வைத்து ஒரு பகுதி வரைதான் நெருங்க முடியும். ஒரே உறுப்பைச் சுட்டிக்காட்டக் குளிர்ச்சி வேண்டும். அதற்கென்றே ஃப்ரீஸ் ஸ்ப்ரே என்று டப்பாவில் விற்கிறார்கள். சில வகைகள் தீப்பற்றக்கூடியவை. டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, தீப்பற்றாததை வாங்குங்கள். அது இல்லையென்றால் டிவி அணைந்திருக்கும்போது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தோய்த்து ஐ.சி.யின் முதுகில் தடவி, ஆவி அடங்கிய பிறகு போட்டுப் பார்க்கலாம். மெதுவான வழிதான், ஆனாலும் பயன் தரும்.

பழுது முழுதாக நிற்கும் நேரத்தில் ஸ்ப்ரேயின் மெல்லிய குழலைச் சந்தேகப்படும் ஐ.சி.யின் முதுகுக்கு ஒரு விரல் தூரத்தில் வைத்து ஒரே ஒரு நொடி அழுத்துங்கள். கறுப்பு முதுகின் மேல் வெண்பனி படரும். தவறான ஐ.சி. என்றால் திரையில் எதுவும் நடக்காது. பனி மட்டும் உருகி நீர்த்துளியாகும். சரியான ஐ.சி. என்றால் அந்தப் பனி படர்ந்து முடிவதற்குள் திரை பேசும். காமா ஐ.சி. கெட்ட ஒரு டிவியில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வெளிறிப்போய்ப் பச்சை ஏறியிருந்த ஒரு முகத்தில் முதலில் கண்ணின் கறுப்பு திரும்பியது, அடுத்து உதட்டின் சிவப்பு, பிறகு தோலின் நிறம் முழுதும். பனி உருகி, ஐ.சி. மறுபடி சூடேற ஏற அதே வரிசை பின்னோக்கி நடந்தது. இப்படி வரவும் போகவும் கண்டபின் வேறு நிரூபணம் தேவையில்லை.

ஆனால் ஒரு முறை கண்டதோடு நிறுத்த வேண்டாம். அதே உறுப்பை மூன்று முறை சூடாக்கிக் குளிர்வித்து, மூன்று முறையும் பழுது கீழ்ப்படிந்து வந்துபோகிறதா என்று பாருங்கள். ஸ்ப்ரே மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே கொண்டுபோகக்கூடியது. அவ்வளவு குளிரில் அதிர்வெண் தரும் நல்ல கிரிஸ்டலும், வோல்ட்டேஜை நிலைநிறுத்தும் நல்ல ரெகுலேட்டரும்கூடத் தடுமாறும். அதனால் பழுதே இல்லாத நேரத்தில் ஸ்ப்ரே அடித்துப் படம் கெடுவதைப் பார்த்துவிட்டு “கண்டுபிடித்துவிட்டேன்” என்று சொல்லக் கூடாது. குளிர்வித்ததால் பழுது நீங்குவதுதான் சாட்சியம். அக்கம்பக்கத்து உறுப்புகளின் மேல் சிதறாமல் இருக்க அட்டைத் துண்டால் வேலி கட்டுங்கள். பனி உருகிய ஈரம் முழுதும் காயும்வரை அடுத்த இடத்துக்குப் போக வேண்டாம். பவர் சப்ளையின் உள்ளீட்டுப் பக்கம் இந்த ஈரம் சேரவே கூடாது.

ஸ்ப்ரே சுட்டிக்காட்டிய இடத்தில் கெட்டது ஐ.சி.யா, அதன் காலில் உள்ள சால்டரா என்பது அடுத்த கேள்வி. பிளாஸ்டிக் குச்சியால் ஐ.சி.யின் ஓரத்தை மெல்ல அழுத்துங்கள். சூட்டுக்கு வருவதுபோலவே அழுத்தத்துக்கும் பழுது வந்துபோனால் அது சால்டர் விரிசல். உருப்பெருக்கியை வைத்துச் சாய்வாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள்: தடித்த கால்களைச் சுற்றி, காலுக்கும் சால்டருக்கும் நடுவே மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். மேலிருந்து நேராக வெளிச்சம் விழுந்தால் அந்த வளையம் கண்ணில் படாது. பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். மேலே கொஞ்சம் சால்டரைப் பூசிவைப்பது சில மாதத் தள்ளிவைப்புதான்.

உறுப்பு தெரிந்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது; கைதேர்ந்தவர்களும் இதில் விழுகிறார்கள். சூடாகும் உறுப்பு எப்போதும் குற்றவாளி அல்ல. மற்றொன்று மிகையாக மின்சாரம் இழுப்பதால் பாரம் சுமந்து சூடாகியிருக்கலாம். வரிசை இயக்கிகளுக்குப் போகும் சிக்னலின் வோல்ட்டேஜை உயர்த்தித் தரும், டி-கான் போர்டின் லெவல் ஷிப்டர் ஐ.சி. இதற்கு நல்ல உதாரணம். இன்றைய பல திரைகளில் வரிசை இயக்கிகள் கண்ணாடியின் மேலேயே அமைந்திருக்கின்றன. அவற்றில் கசிவு ஏற்பட்டால் லெவல் ஷிப்டர் கொதித்து, தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஸ்ப்ரே அடித்தால் உயிர்பெறும். புது ஐ.சி. போட்டாலும் சில நாளில் அதே கதை.

இதைப் பிரித்தறிய மல்டிமீட்டர் வேண்டும். டி-கான் போர்டில் சோதனைப் புள்ளிகளுக்குப் பெயர் அச்சிட்டிருப்பார்கள்: உள்ளே வருவது பெரும்பாலும் 12 வோல்ட், காமா பகுதிக்கான ஏ.வி.டி.டி. பொதுவாக 15 முதல் 18 வோல்ட், கேட்டைத் திறக்கும் வி.ஜி.ஹெச். 25 முதல் 35 வரை, மூடும் வி.ஜி.எல். மைனஸில் 5 முதல் 10 வரை. ஆறிய நிலையில் எல்லாவற்றையும் அளந்து எழுதிவையுங்கள். பழுது வந்ததும் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். எது சரிந்திருக்கிறது என்று பட்டென்று தெரியும். வி.ஜி.ஹெச். மட்டும் சூட்டுக்கேற்பக் கொஞ்சம் குறைவது சில திரைகளில் வடிவமைப்பே. அதற்கென்று சூட்டை உணரும் ஒரு தெர்மிஸ்டர் வைத்திருப்பார்கள். பாதியாகச் சரிவதுதான் பழுது. சரிந்திருந்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டு, திரைக்குப் போகும் இரண்டு ரிப்பன்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கத்தைக் கழற்றியதும் வோல்ட்டேஜ் நிமிர்கிறதோ அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் கசிவு. இரண்டையும் கழற்றியும் நிமிரவில்லை என்றால் மட்டும் டி-கான் போர்டு குற்றவாளி. இந்த அளவை எடுக்காமல் டி-கான் போர்டு வாங்குபவர்களில் பலர் இரண்டு முறை பணம் கொடுக்கிறார்கள்.

வெப்பநிலை அளக்கும் அகச்சிவப்பு மீட்டர் இருந்தால் நல்லது. பளபளக்கும் உலோகத்தின் மேல் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்கில் ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டி, அதன் மேல் அளவெடுங்கள்.

பேக்லைட் சங்கதி வேறு. கோடு, நிறக்கேடு எதுவும் இல்லாமல் படம் திடீரென்று இருண்டு, ஒலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் திரையும் டி-கானும் நலம், பேக்லைட்தான் அணைந்திருக்கிறது. எல்.இ.டி.கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்றினுள் இருக்கும் மெல்லிய கம்பி சூட்டில் விலகினால் தொடர் முழுதும் போய்விடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அணையும் கணத்தில் எல்.இ.டி.க்குப் போகும் வோல்ட்டேஜைக் கவனிக்க வேண்டும். அது மேலே குதித்துப் பிறகு விழுந்தால் தொடரில் எங்கோ அறுந்திருக்கிறது. குதிக்காமலே சரிந்தால் இயக்கும் சுற்றில் பலவீனம். இந்த வோல்ட்டேஜ் நூற்றைத் தாண்டக்கூடியது என்பதை மறக்க வேண்டாம். ஒரு எல்.இ.டி. போனால் மற்றவையும் அதே வயதுடையவை. பட்டைகளை முழுத் தொகுப்பாக மாற்றி, பேக்லைட் அளவை எழுபதுக்குக் கீழே வைத்துப் பயன்படுத்துவதே நல்லது.

மெயின் போர்டில் வெப்பப் பழுது வருவது பெரும்பாலும் பெரிய பிராசஸரின் அடியில்தான். அதன் அடிவயிறு முழுதும் சால்டர் மணிகள். முதலில் ஹீட் சிங்கைக் கழற்றிப் பாருங்கள். நடுவிலிருக்கும் வெப்பப் பசை காய்ந்து பொடியாகியிருந்தால் புதுப்பசையே பல சமயம் போதும். போர்டை அடுப்பில் வைத்துச் சுடும் வித்தையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். ஈயம் இல்லாத சால்டர் உருக சுமார் 217 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் சாக்கெட்டும் கெபாசிட்டரும் சேர்ந்து கெடும், சமையல் அடுப்பில் நச்சுப்புகையும் படியும். மிஞ்சிப் போனால் சில வாரம் ஓடும்.

கெபாசிட்டருக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதாகச் சொன்னேன். மெயின் போர்டுக்கு வரும் 12 வோல்ட்டே சூடேற ஏறத் தள்ளாடினால் பவர் சப்ளைக்குப் போங்கள். குளிரில் தொடங்க மறுக்கும் டிவியில் சோதனை இன்னும் எளிது: பிளக்கைப் பிடுங்கிய நிலையில் கெபாசிட்டர்களை ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்கிவிட்டுப் போடுங்கள். உடனே ஓடினால் முடிவு கிடைத்துவிட்டது. தலை உப்பாத கெபாசிட்டரும் கெட்டிருக்கலாம். மாற்றும்போது 105 டிகிரி வகையே போடுங்கள். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் கெபாசிட்டர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். ஹீட் சிங்கை ஒட்டி நிற்கும் கெபாசிட்டர் ஏன் முதலில் போகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது.

இன்னும் பிக்சர் டியூப் டிவி வைத்திருப்பவர்களுக்குச் சில வரிகள். சூடேறியதும் படம் சுருங்கி நடுவில் ஒரே ஒளிக்கோடாகிவிட்டால் படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் வெர்டிகல் ஐ.சி.யின் கால்களில் சால்டர் விரிசல் இருக்கும். உடனே பிரைட்னஸைக் குறையுங்கள், இல்லையென்றால் அந்தக் கோடு டியூபில் தழும்பாகிவிடும். நிறம் மட்டும் போய்க் கறுப்பு வெள்ளையானால் பால் (PAL) எனப்படும் வண்ண ஒளிபரப்பு முறை டிவிகளில் 4.43 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைக் குளிர்வித்துப் பாருங்கள். ஒரே நிறம் பொங்கிச் சாய்கோடுகளோடு நின்றால் டியூபின் கழுத்திலுள்ள சிறு போர்டையும், அது நலமென்றால் டியூபின் உள்ளே ஏற்பட்ட ஷார்ட்டையும் சந்தேகிக்கலாம். டியூபின் கண்ணாடியில் ஸ்ப்ரே ஒருபோதும் படக் கூடாது. பெரிய டியூபின் ஆனோடில், அதாவது உயர் மின்னழுத்தம் நுழையும் முனையில், 25,000 வோல்ட்டும் அதற்கு மேலும்கூட இருக்கும். அணைத்த பிறகும் தங்கும்.

மறுபடி உங்கள் டிவிக்கு வருகிறேன். சோதனையின் முடிவு கண்ணாடி விளிம்பின் பிலிம் இணைப்பைக் காட்டினால், அதைச் சூட்டுக்கருவி வைத்து அழுத்தி ஒட்டுவதாகச் சொல்பவரிடம் எத்தனை மாதத்துக்குப் பொறுப்பு என்று கேளுங்கள். அதற்கான பிணைப்பு இயந்திரம் இல்லாமல் கையால் செய்யும் ஒட்டு நிலைப்பதில்லை. நுரைத் துண்டை உள்ளே செருகி அழுத்தம் கொடுப்பதும் அப்படியே. அந்த நிலையில் பணத்தைப் புது டிவிக்குச் சேமிப்பதே என் ஆலோசனை. டி-கான் போர்டு என்றாலோ ஐ.சி. என்றாலோ தயங்காமல் சரிசெய்யலாம்.

எதை மாற்றினாலும், மாற்றிய பிறகு திறந்த நிலையில் ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டாம். பின்மூடியைப் போட்டு, திருகுகளை முறுக்கி, வழக்கமாக இருக்கும் இடத்திலேயே மாட்டி, பேக்லைட்டை முழு அளவில் வைத்து, முன்பு பழுது வந்த நேரத்தைப்போல் நான்கு மடங்கு நேரம் ஓடவிடுங்கள். பழுது அடியோடு நீங்காமல், தாமதமாக மட்டும் வந்தால், நீங்கள் சரிசெய்தது விளைவை. சூட்டைக் கிளப்பும் உறுப்பு இன்னும் உள்ளேயே இருக்கிறது. முன்பு எழுதிவைத்த வோல்ட்டேஜ் தாளை எடுத்து, அதே புள்ளிகளை அதே வரிசையில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும்.